தொண்ணூற்றைந்து சதவீத மரியாதை

1986 மார்ச்சில், சுவிட்சர்லாந்தின் லோசானுக்குப் பக்கத்து ஊரான ரெனானில், தமிழ்க்கடைக் கதவில், அறை வாடகை விளம்பரத்துக்குக் கீழே ஒரு துண்டு ஒட்டியிருந்தது: புள்ளியியல் தெரிந்தவர் உதவி தேவை. வேறு யாரும் முந்திவிடக் கூடாதென்று நித்தியானந்தன் அதைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கொழும்பில் புள்ளிவிபரத் திணைக்களத்தில் பதினொரு வருடம் இருந்தவர். இப்போது லோசானில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். அந்த வட்டாரத்தில் போட்டிக்கு ஆளே இல்லையென்று அவர் படித்த புள்ளியியலே சொல்லியிருக்கும்.

துண்டை ஒட்டிய யசோதரா மெட்ராஸ்காரி, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஒரே சிக்கலை உயிர்கள் எப்படித் தீர்க்கின்றன, எஞ்சினியர்கள் எப்படித் தீர்க்கிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. கறையான் புற்று வடிவத்தாலேயே குளிர்கிறது. தொழிற்சாலை குளிர மின்சாரம் வேண்டியிருக்கிறது. இப்படி, அட்டைக்கு ஒரு தீர்வாக, நூற்றிருபது அட்டைகள். ஒவ்வொன்றிலும் சிக்கலைத் தீர்ப்பது சக்தியா, பொருளா, வடிவமா என்று தன் முடிவைப் பின்பக்கம் பென்சிலால் குறித்திருந்தாள்.

"நீங்க தனியா பிரிங்க சார். ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போறோம்னு அப்புறம் கணக்குப் போடலாம். பின்பக்கம் மட்டும் பார்க்காதீங்க."

"அதை எனக்குச் சொல்லோணுமோ, தங்கச்சி?"

அவருடைய அகதி விண்ணப்பத்துக்குத் தன் பேராசிரியரிடம் கடிதம் வாங்கித் தருவதாக அவள் சொன்னது அதற்குப் பிறகு. அவள் தேநீர் போடச் சமையலறைக்குப் போனாள். நண்டின் ஓடு பற்றிய அட்டையை 'வடிவம்' பக்கம் வைத்தவர், அதைத் திருப்பிப் பார்த்தார். 'பொருள்.' உதவி செய்கிற பிள்ளையோடு ஒரு நண்டுக்காக முரண்படுவதா? மாற்றி வைத்தார். மிச்ச அட்டைகளுக்கும் அதே மரியாதை. ஆறு அட்டைகளை மட்டும் வேண்டுமென்றே பிழையாக விட்டார்.

"தொண்ணூத்தஞ்சு சதவீதம், சார்!" என்று அவள் துள்ளினாள்.

அந்த வாரம் முழுக்க ஒரே கோப்பையை இரண்டு தரம் கழுவினார். வீடு வீடாகப் போகாமல் தேநீர்க்கடையில் இருந்தபடி குடிசனக் கணக்குப் படிவங்களை நிரப்பிய ஒருவனை முன்பு கொழும்பில் வேலையிலிருந்து நிறுத்தியவர் அவர்.

சனிக்கிழமை போனபோது கடிதம் தயாராக இருந்தது. அவர் கை நீட்டவில்லை.

"தங்கச்சி, நான் பின்பக்கம் பாத்திட்டன்."

"எத்தனை அட்டை?"

"எல்லாம்."

"அப்ப அந்த ஆறு?"

"நூறு எண்டால் ஆரும் நம்பமாட்டினம்."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "ப்ரொஃபசர்கிட்ட தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லிட்டேனே சார். இந்தக் கடிதத்துல உங்களை 'நேர்மையானவர்'னு வேற எழுதியிருக்கார்."

"கடிதத்தை அவரிட்டயே திருப்பிக் குடுங்கோ. திங்கக்கிழமை நானும் வாறன்."

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதே?"

"நான் சொல்லுறதை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கோ. எனக்காகக் குறைச்சுச் சொல்லாதேங்கோ."