மீன்களுக்கும் ஒரு ரவுண்டு

நோலீன் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஆஸ்திரேலியாவில் இன்னிஸ்ஃபெயில் என்கிற அந்த ஊரில் இன்றைக்கு மீசையும் தொப்பையுமாகத் திரிகிற பாதிப் பேர் ஒரு காலத்தில் அவள் அதட்டலுக்கு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். பெரிய ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி வலது தோள்பட்டை பழுதாகிப் போனது. ஓய்வு பெற்றதும் ஆசை ஆசையாகப் பவுல்ஸ் கிளப்பில் சேர்ந்தாள். ஆனால் புல்தரையில் பந்து உருட்டத் தோள் விடவில்லை.

அங்கே ஓர் அணி விளையாடி முடித்தால் ஒரே மேஜையில் உட்காரும். ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து ரவுண்டு வாங்குவார்கள். நோலீன் எந்த அணியிலும் இல்லை. அதனால் இரண்டு வருஷமாக ஓரத்து மேஜையில் தன் எலுமிச்சை ஸ்குவாஷைத் தானே வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். யாரும் அவளை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அவள் நினைப்பே அவர்களுக்கு இல்லை, அதுதான் வலித்தது.

இந்த நிலையில்தான் கிளப்புக்கு ஆயிரத்தைந்நூறு லிட்டர் மீன்தொட்டி ஒன்று வந்து ஒரு சுவரையே அடைத்துக்கொண்டது. உள்ளே இருபத்திரண்டு வானவில் மீன்கள். யார் பார்த்துக்கொள்வது என்று தலைவி கோரலி கேட்டு முடிப்பதற்குள் நோலீன் கையைத் தூக்கிவிட்டாள், அதுவும் வலிக்கிற கையை.

பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். வடிகட்டிப் பஞ்சில் நல்ல கிருமிகள் குடியேற ஐந்தாறு வாரமாகும். அதுவரை மீன் கழிவையும் மிச்சத் தீனியையும் தின்று தீர்க்க ஆளில்லை. எல்லாம் தண்ணீரிலேயே விஷமாக மாறும். அதனால் தினம் ஒரே ஒரு சிட்டிகை தீனி, இரண்டு நிமிஷத்தில் காலியாகிற அளவு. அடிக்கடி கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் விட வேண்டும். அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

அப்படியும் மூன்றாவது வாரம் தொட்டி அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆனது. விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் சொட்டு மருந்தை விட்டால் சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பச்சைப் பசேலென்று நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வியாழக்கிழமை இரண்டு செத்து மிதந்தன.

“ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டம், நோலீன்,” என்றாள் கோரலி. “அதுக்குள்ள இன்னொண்ணு செத்துச்சுன்னா தொட்டிய எடுத்துற வேண்டியதுதான். அந்தச் சுவத்துல டார்ட்ஸ் போர்டு மாட்டணும்னு ஏற்கெனவே ஒரு கூட்டம் என் உசிர வாங்குது.”

தொட்டி போனால் இந்தக் கிளப்பில் நோலீனுக்கு என்ன வேலை? அன்று சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கரும்பு விவசாயி சில்வியோ பீர் வாங்கி வந்து தன் மேஜைக்கு விநியோகித்தான். பிறகு நேராகத் தொட்டியடிக்கு வந்து, மூடியைத் தூக்கி, பக்கத்திலிருந்த டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி தீனியைத் தூவினான். கூடவே ஒரு துண்டு உருளைக்கிழங்கு வறுவலும் விழுந்தது.

“என்னய்யா பண்றே!”

“என் ரவுண்டு, நோலீன். இவங்கள மட்டும் விட்டுட்டுக் குடிச்சா தொண்டையில எறங்குமா? மூணு வாரமா எல்லா மேஜையும் போடுதே, நீ பாக்கலயா?”

ஒரே ஒரு ஸ்குவாஷோடு சீக்கிரமே வீட்டுக்குப் போகிறவள் எங்கே பார்ப்பாள்? எட்டு மேஜை, மேஜைக்கு நாலு ரவுண்டு. முப்பத்திரண்டு கைப்பிடி என்று நோலீன் கணக்குப் போட்டாள். அதைவிட இன்னொரு கணக்கு அவளைச் சுட்டது. வந்து மூன்று வாரமான மீனுக்கெல்லாம் ரவுண்டு உண்டு. இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிற மனுஷிக்கு இல்லை. பழைய பஸ் குரலை எடுத்தாள்.

“எல்லாரும் உக்காருங்க!”

பாரில் நின்ற ஆறு பேர் தங்களை அறியாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

“நீங்க பாசத்துல போடுற தீனிதான் அதுங்களக் கொல்லுது. இனிமே யாரும் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது.”

“அதெப்படி?” என்றான் சில்வியோ. “ஒருத்தர விட்டுட்டு ரவுண்டு வாங்கினான்னு எனக்குப் பேரு வரணுமா? திருடன்னு சொல்லு, தாங்கிக்கிறேன்.”

டப்பாவைப் பூட்டினாலும் இவன் வறுவலைப் போடுவான் என்று நோலீனுக்குத் தெரிந்துபோயிற்று.

“சரி, வாங்கிக் குடு. ஆனா அதுங்க குடிக்கிறது தண்ணிதான். ரவுண்டுக்கு ஒரு வாளி. தொட்டியில மொண்டு தோட்டத்துல ஊத்து. பின்னால டிரம்முல குளோரின் போக மருந்து போட்ட தண்ணி இருக்கு, அதுல ஒரு வாளி கொண்டாந்து ஊத்து. மெதுவா!”

சில்வியோ தொட்டியின் மூடியை மூடினான். “இதுல நியாயம் இருக்கு,” என்று வாளியைத் தேடிப் போனான்.

அன்றும் மறுநாளும் கிளப்பே வாளியும் கையுமாக அலைந்தது. இரண்டு நாளும் முப்பதாவது வாளி முடிந்ததும் நோலீன் குறுக்கே நின்றுவிட்டாள். “போதும். ஒரு நாளைக்கு இதுக்கு மேல ஊத்துனா அதுங்களுக்கு ஆகாது.” சனிக்கிழமை சில்வியோ உபகாரமாக வடிகட்டிப் பஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோனான். “குழாய்த் தண்ணியில காட்டினே, கைய ஒடிச்சிருவேன்! குளோரின் பட்டா அதுல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துரும். மொண்டு வச்ச தொட்டித் தண்ணியிலேயே லேசா அலசு,” என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சோதனைக் குழாயில் தண்ணீர் ஏறக்குறைய மஞ்சளாக நின்றது. பின்சுவர் தெரிந்தது. கோரலி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ணினாள். இருபது. “டார்ட்ஸ் போர்டு வாசல்ல மாட்டிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனாள்.

நோலீன் நிம்மதியாகத் தன் ஓரத்து மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். சில்வியோ போகிற போக்கில் ஒரு ஸ்குவாஷை அவள் முன்னால் வைத்துவிட்டு, வாளியோடு டிரம் பக்கம் நடந்தான். அடுத்த ரவுண்டு வாங்கியவர் இன்னொன்று வைத்தார். அடுத்தவர் மூன்றாவதை வைத்தார். நோலீன் குனிந்து கைப்பையில் எதையோ தேடுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏ நோலீன்!” சில்வியோவின் குரல் கிளப் முழுக்கக் கேட்டது. “மூணு ரவுண்டு முடிஞ்சுது, நீ நகர்ற மாதிரியே தெரியலயே. உன் ரவுண்டு எங்க? கஞ்சப் பிசினாறி!”

வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமாக அவள் யாரிடமும் வசவு வாங்கியதில்லை. எழுந்து போய் அவர்கள் மேஜைக்கு நாலு பீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு வாளியை எடுத்தாள். அவள் தோளைப் பார்த்துவிட்டுச் சில்வியோ வாளியை வாங்கக் கையை நீட்டினான்.

“தள்ளு அந்தப் பக்கம்,” என்றாள் நோலீன். “என் ரவுண்டு இது.”