படைப்பதற்கு முன் எடுத்து வைத்தது

மைக்கைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. அதில் நான் பேசியதை நினைத்தால் இன்னும் அதிகமாக வருகிறது.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் படிக்க வந்து, அடி அண்ணாமலையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பஸ் ஏற்றிவிடும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "படச்சத மட்டும் தின்னுடாத மக்களே." வந்த மாதமே விநாயகர் சதுர்த்தி. கீழ்வீட்டு அக்கா கொழுக்கட்டைத் தட்டோடு படியேறி வந்தார். வாசலில் டீக்கடை வைத்திருப்பவர். "நாங்க படைச்சதைச் சாப்பிட மாட்டோம்க்கா. அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கிறிஸ்தவ விசுவாசத்தில் உறுதியாக நிற்கிறேனாம். அவர் தட்டோடு இறங்கிப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கலோடு மறுபடி வந்தார். "படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன். நீ சாப்புடலாம்" என்றார். சாப்பிட்டேன். அதன் பிறகு வெள்ளியானாலும் விசேஷமானாலும் எனக்கென்று ஒரு கிண்ணம் மேலே வந்தது. ஏதோ வாடகையோடு சேர்ந்தது போல வாங்கிக்கொண்டேன்.

படையல் முடியும்வரை அந்த வீட்டில் உப்புகூடப் பார்க்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியவே ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒரு தை வெள்ளியன்று மாடிப்படியில் இறங்கும்போது அக்காவின் வீட்டுக்காரர் கத்துவது கேட்டது. "சாமிக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கா? மிச்சத்தையா சாமிக்கு வெக்கிற?"

"ஊர் விட்டு ஊர் வந்த புள்ள அது. சாமி அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கும்" என்றார் அக்கா.

நான் போகும் சபையில் வருடத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திர ஆராதனை உண்டு. கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து நின்று சாட்சியாகச் சொல்ல வேண்டும். அந்த வருடம் அக்காவைப் பற்றித்தான் சொல்வது என்று முடிவு செய்து, அவரையும் கூப்பிட்டேன். கடையை மூடிவிட்டு, கல்யாணங்களுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

சாட்சியை முதலில் எழுதிக் காட்ட வேண்டும் என்பது வாலிபர் கூட்டத் தலைவர் போட்டிருந்த சட்டம். அந்த அண்ணன் என் தாளை வாங்கினார். "மனுஷருக்கு மகிமை கொடுக்கக் கூடாதும்மா" என்று சொல்லி, அக்கா வருகிற இடத்தையெல்லாம் அடித்தார். மேலே அவரே எழுதினார்: 'இருளில் இருக்கிற ஒரு குடும்பத்தைக் கொண்டு கர்த்தர் என்னைப் போஷித்தார். அவர்களுடைய இரட்சிப்புக்காக ஜெபியுங்கள்.'

கிழித்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஓர் எழுத்து பிசகாமல் வாசித்தேன். சபை முழுக்க அல்லேலூயா. கடைசி வரிசையில் அக்காவும் கைதட்டினார்.

அந்த அண்ணன் மேல் கோபப்படுவது சுலபம். வேண்டிய மட்டும் பட்டுவிட்டேன். ஆனால் மைக்கைப் பிடித்திருந்தது என் கை. நன்றி சொல்கிறேன் என்று ஒரு பெண்ணைக் கூட்டிப் போய், பட்டுப்புடவையோடு உட்காரவைத்து, ஊருக்கு முன்னால் அவமானப்படுத்தினேன். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில், "நல்லாப் பேசுன" என்றார் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கிண்ணம் வராது என்றுதான் இருந்தேன். வந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் தாங்கவில்லை.

"இதைக் கொண்டு போய்ப் படைச்சிட்டுக் குடுங்கக்கா. நான் சாப்பிடுறேன்."

அன்றுதான் முதல்முறையாக அக்காவுக்குக் கோபம் வந்து பார்த்தேன்.

"உங்கம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியே, அது என்னாவறது? உன்னை நம்பி அனுப்பி வெச்சிருக்காங்க. கம்முனு சாப்புடு."

கீழே இலை போட்டுவிட்டு வீட்டுக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். அக்கா அசையவில்லை. நான் கடைசி வாய் சாப்பிட்டு முடிக்கும்வரை படியிலேயே நின்றிருந்து, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு படைக்கப் போனார்.