கலங்கிய நீர், மிக நன்று

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

இதை வாசிக்கும் தாங்கள் யாரென்று அறியேன். என் வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லாதபடியால் தங்களையே நண்பராகப் பாவித்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வாக்கியங்கள் புதுச் செருப்புப்போல் விறைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்றுக் காலை அரிமளத்துக் கண்மாய்க்கரையில் நடந்தேன். சித்திரை வெயிலில் நீர் வற்றி, நடுப்பள்ளத்தில் மட்டும் தேங்கிக் கிடந்தது. மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக்கூடைகளோடு இறங்கியவர்கள் சேற்றைக் காலால் கலக்க, மூச்சுமுட்டிய கெண்டைகள் மேலே வந்தன. அவர்களில் ஒருவர், "என்னங்கய்யா கரையிலயே நிக்கிறீங்க? எறங்குங்க, தண்ணி நல்லாக் கலங்கியிருக்கு" என்றார். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தச் சேற்று வாடை மட்டும் கூடவே வந்தது.

இருபத்தாறு வயதில் நீலகிரி மலையில் ஒரு மீன்பிடி விடுதிக்கு வேலைக்குப் போனேன். என்னைச் சேர்த்துவிட்டவர் குளத்தூர்ச் சூசை அண்ணன். ஏழாண்டுகளாக அங்கே காவலர். விடுதிக்குக் கீழே ஓர் ஓடை, மேலே ஓர் ஏரி. இரண்டிலும் டிரவுட் என்னும் குளிர்நீர் மீன். தூண்டிலில் புழு கிடையாது. கோழி இறகை முள்ளில் கட்டிப் பூச்சிபோல் செய்து நீரின்மேல் வீசுவார்கள். முதல்முறை அதைக் கண்டு, "இத நம்பியாண்ணே மீனு வருது?" என்று கேட்டேன். "நம்ம மீனுதாம்ப்பா வெவரம். இது இங்கிலீஷ் மீனு, நம்பிரும்" என்றார்.

அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். என் வேலை, அவர் சொல்வதை விருந்தினருக்காகக் கரும்பலகையில் எழுதுவது. 'ஓடை: முழங்கால் ஆழம், தெளிவு. பூச்சி: பத்து மணிக்குமேல் பறக்கும். ஏரி: மேல்காற்று, சிற்றலை, நன்று.' அலை இல்லாத ஏரியில் மீன் மனித நிழலைக் கண்டு ஒதுங்கிவிடுமாம். சித்திரை, வைகாசியில் காலைகள் தெளிவாக இருக்கும். பிற்பகலில் இடி இடித்து மழை பெய்யும். என் எழுத்தைப் பெரிய மனிதர்கள் கண்ணாடி போட்டு வாசிப்பதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

வைகாசியில் ஒருநாள் அண்ணனுக்குக் காய்ச்சல். நானே ஓடையைப் பார்க்கப் போனேன். மேல்மலையில் பெய்த மழையால் நீர் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்மாயில் வளர்ந்தவனுக்கு அதைக் கண்டு வேறென்ன தோன்றும்? அழகான எழுத்தில், 'ஓடை: நீர் கலங்கியுள்ளது, மிக நன்று' என்று எழுதினேன். அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து, வழக்கம்போல் பலகையை வாசலில் மாட்டினார். அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

பலகையை நம்பி ஒரு முதிய விருந்தினர் ஓடையில் இறங்கினார். கலங்கிய நீரில் அடி தெரியாமல் பாறையில் வழுக்கி விழ, வெள்ளம் அவரை இருபதடி இழுத்துப்போனது. கை முறிந்தது, உயிர் தப்பியது.

வந்து ஒரு வாரமே ஆன மேலாளர், "யார் எழுதியது?" என்று கேட்டார். "நாந்தாங்க" என்றார் அண்ணன். "எங்கே, எழுதிக் காட்டு" என்று அந்த மனிதர் கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. நான் கையிலிருந்த சுண்ணக்கட்டித் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வேலை போன அண்ணனை வழியனுப்பப் போய், மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் அழுதேன். "ஒனக்கு ஆனியில கல்யாணம். வேல இல்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எனக்கு ஊருல காடு கெடக்கு, ஒழுதுக்கிறேன். அங்கிட்டுத் திரும்பு, பஸ்ஸுல இருக்கவன்லாம் பாக்குறான்" என்றார்.

அதன்பின் பல ஆண்டுகள் அந்தப் பலகையில் நானே எழுதினேன், பிழையில்லாமல். அண்ணனுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுத முடியவில்லை. எழுதினால் அவருக்கு யாராவது வாசித்துக்காட்ட வேண்டும். வாசிப்பவருக்கு என் குற்றம் தெரிந்துவிடும். அதற்கு அஞ்சினேன். நேரில் போவதற்கோ ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம் கிடைத்தது.

என் மனைவி மறைந்து, மகன் துபாயிலேயே தங்கிவிட்ட பிறகு, சென்ற தை மாதம் குளத்தூருக்குப் போனேன். அண்ணன் படமாகச் சுவரில் இருந்தார். அவருடைய மகள் தேநீர் கொடுத்தாள். "அப்பாவுக்கு எழுதத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி எதையோ எழுதிப்போட்டு வேலைய விட்டாருன்னு ஊரே கேலி பண்ணும். அவரும் சேந்து சிரிப்பாரு. நீங்க கூட இருந்தீங்களா?" என்றாள். இருந்தேன் என்றேன். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

விடுதி பூட்டிக் கிடப்பதாகக் கேள்வி. பலகை எந்த அடுப்பில் எரிந்ததோ. அந்த ஓடையின் பெயரைச் சொன்னால் புரிந்துகொள்ள இந்த ஊரில் எவரும் இல்லை.

ஐயா, அம்மா, இந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். குளத்தூரிலிருந்து எவரேனும் வந்து கேட்டால், வாசித்துக்காட்டுங்கள். பலகையில் இருந்த எழுத்து என்னுடையது.