ஒரே பாய், ஏழு தோசை

ஆபீஸ் லிஃப்ட்ல ஒருத்தி என் வயித்தப் பாத்துட்டு, "என்னடி, விசேஷமா?"ன்னு கேட்டா. நாவலூர்ல வேலை பாக்குற பாதிப் பேரு எடை கொறைக்க ஜிம்முக்கு ஓடிட்டிருக்க, நான் ஒருத்திதான் தெனம் காலைல ஏழு தோசை தின்னுட்டு வரேன். "விசேஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரேஸ் இருக்கு"ன்னேன். அவளுக்குப் புரியல. வந்த கோவத்துல நானும் விளக்கல.

இப்ப விளக்குறேன். நான் ஓட்டுறது பாய் கட்டுன பலகை. பலகைக்கு அடியில, தண்ணிக்குள்ள ஒரு கம்பம் எறங்கும், அது முனையில ஒரு றெக்கை இருக்கும். அதுதான் ஃபாயில். காத்து புடிச்சு வேகம் வந்துட்டா அந்த றெக்கை பலகையவே தண்ணிக்கு மேல தூக்கிடும், பறக்கலாம். வேகம் கொறஞ்சா தொப்புன்னு தண்ணில உக்காந்துரும்.

இதுல எங்களுக்கு ரெண்டு வகுப்பு. ஓப்பன் வகுப்புல பெருசு, நடுத்தரம், சிறுசுன்னு பல பாய்களப் பதிஞ்சு வச்சுக்கலாம். காத்து கம்மியா, பெருச எடு. பிச்சுக்கிட்டு அடிக்குதா, சிறுச எடு. ஒலிம்பிக் வகுப்புல அந்தக் கதையே கெடையாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி பலகை, ஒரே மாதிரி றெக்கை, பொண்ணுங்கன்னா எட்டு சதுர மீட்டர்ல ஒரே ஒரு பாய். காத்து செத்தாலும் சரி, பேயாட்டம் ஆடுனாலும் சரி, அதோடதான் குடும்பம் நடத்தணும். ஓப்பன்ல தோத்தா, 'தப்பான பாய எடுத்துட்டேன்'னு சொல்லிக்கலாம். ஒலிம்பிக்ல சொல்ல ஒண்ணுமே இருக்காது. அங்க பாய மாத்த முடியாது, உடம்பத்தான் மாத்தணும்.

ஓப்பன்ல நான் நாலு கப்பு வாங்கியிருக்கேன். ஒலிம்பிக்ல ஒண்ணும் கெடையாது. நான் ஒடிசல். மத்தியானம் கடல்காத்து ஏறுனா அந்தப் பாய் என்னத் துணி மாதிரி தூக்கி எறியும். இந்திய டீமுக்கோ ஒலிம்பிக் வகுப்புல ஜெயிக்கிற ஒரே ஒரு பொண்ணதான் எடுப்பாங்க. அதனாலதான் ஏழு தோசை, நாலு முட்டை, ராத்திரி வாழைப்பழம். கேளம்பாக்கம் வீட்ல என் வீட்டுக்காரர்தான் தோசை சுடுவார். "இந்த வருஷம் கெடைக்கலன்னா போர்ட வித்துடறேங்க"ன்னு அவர்கிட்ட நானே வாய விட்டேன். வாங்கிக்கிறேன்னு ஒருத்தரும் சொல்லி வச்சிருந்தார். ஆறு மாசத்துல எட்டு கிலோ ஏறுனேன்.

மாமல்லபுரத்துல ரேஸ். ரெண்டாவது நாள் காலைல, நானும் கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பொண்ணு ஒருத்தியும் சமமான புள்ளில மொத எடத்துல நின்னோம். அவகிட்ட இருக்குறது ஒரே ஒரு பாய்தான், அதனால ஒலிம்பிக் வகுப்பத் தவிர வேற எதுலயும் எறங்க மாட்டா. இப்ப என்னவிட பத்து கிலோ கம்மி. எந்த வகுப்புன்னு ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்குள்ள எழுதிக் குடுத்தாகணும். மொத நாளு காத்து நல்லா அடிச்சு நான் மூணு ரேஸ்ல ரெண்டு ஜெயிச்சு, ஒண்ணுல மூணாவதா வந்திருந்தேன்; அவ ஒண்ணு ஜெயிச்சு, ரெண்டுல ரெண்டாவது. போன்ல பாத்தா அன்னிக்கும் பலமான கடல்காத்துன்னு போட்டிருந்துச்சு. குஷியா பேனாவ எடுத்தேன்.

அவ பக்கத்துல வந்தா. "அக்கா, நைனா கடலுக்குப் போயிட்டு வந்து சொல்லிச்சு. மேல்காத்து வுட மாட்டேங்குது, இன்னிக்கு கடல்காத்து வராதாம். இப்ப கீற கனத்துக்கு உன் பலகை தண்ணிய வுட்டு ஏறவே ஏறாது. ஓப்பன்ல எழுதிக் குடு, உன்கிட்டதான் பெரிய பாய் கீதே."

எனக்கு சுர்ருனு ஏறுச்சு. என்ன வழியில இருந்து கழட்டிவிடப் பாக்குறா. "உன் வேலைய பாரு. எனக்குத் தெரியும்"னு வெடுக்குன்னு சொல்லி, ஒலிம்பிக்னே எழுதிக் குடுத்தேன். "சரி, உன் இஷ்டம்"னு போயிட்டா.

பன்னெண்டாச்சு, ஒண்ணாச்சு. வெயில் மண்டையப் பொளந்துச்சு. கடல்காத்தக் காணோம். கரையில இருந்து மேல்காத்து மட்டும் சோம்பேறித்தனமா வீசிட்டிருந்துச்சு. ஒரே ஒரு ரேஸ் வைக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதுல எங்க ரெண்டு பேர்ல யாரு முன்னாடி வராங்களோ அவங்களுக்குத்தான் டீம்ல எடம்.

ஹாரன் அடிச்சதும் மத்தவங்க எல்லாம் தண்ணிலயே ஊர்ந்தாங்க. பாயக் கையால இழுத்து இழுத்து அடிச்சாத்தான் பலகை ஏறும். அவ நாலு தடவ இழுத்தா, சட்டுனு எழும்பிட்டா. நான் இழுத்தேன். இருபது தடவ இருக்கும், தோள்பட்டை எரிஞ்சுது, தொடை நடுங்குச்சு. தின்ன ஒவ்வொரு தோசையும் காலப் புடிச்சு கீழ இழுக்குற மாதிரி இருந்துச்சு. கடவுளே, ஏறு, ஏறுன்னு கத்துனேன். ஏறிடுச்சு!

ஏறுனதும் கனம் எனக்கு ஒதவுச்சு, பாய நல்லா சாய்ச்சுப் புடிக்க முடிஞ்சுது. அவளத் தொரத்திப் புடிச்சேன், முந்துனேன். திரும்ப வேண்டிய மிதவை கரைப்பக்கம், சவுக்குத் தோப்புக்கு நேரா இருந்துச்சு. மரத்த ஒட்டி காத்து திட்டுத் திட்டாத்தான் வரும். அங்க ஒரே ஒரு தடவ பாயத் திருப்பணும். அந்த ரெண்டு நொடில பலகை தண்ணியத் தொட்டுட்டா கதை முடிஞ்சுது, மறுபடி ஏறாது.

திருப்பினேன். கால மாத்துனேன். காத்து நின்னுச்சு. பலகையோட வயிறு தண்ணில தட்டுற சத்தம் கேட்டுச்சு. இழுத்தேன், இழுத்தேன், அசையல. தலைக்குப் பக்கத்துல விர்ருனு ஒரு சத்தம், அவ பறந்து போயிட்டா.

பலகை மேல குப்புறப் படுத்து அழுதேன். வெக்கமே இல்லாம ஓன்னு அழுதேன். ரேஸ முடிச்சிட்டு அவ நேரா என்கிட்டதான் திரும்பி வந்தா. பாயத் தண்ணில போட்டுட்டு, என் பலகைய ஒரு கையால புடிச்சுக்கிட்டு உக்காந்தா.

அப்புறம், "காலைல நான் ஏமாத்தறேன்னு நெனச்சல்ல?"ன்னா.

"ஆமா."

"உன்னாண்ட ரெண்டு வழி கீது, எனக்கு ஒண்ணுதான். ஓப்பன்ல உனக்கு ஒரு கப்பாவது கெடைச்சிருக்கும், அதான் சொன்னேன். நேத்து காத்துல உன்னப் பாத்து பயந்துட்டேன்க்கா, தெரியுமா?" சொல்லிட்டு சிரிச்சா. என்னால சிரிக்க முடியல. "மன்னிச்சுக்க"ன்னு மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலைல எழுந்து வந்தா, வீட்டுக்காரர் கல்லு முன்னாடி நின்னுட்டு இருந்தார். மாவுச் சட்டி பக்கத்துல போன் இருந்துச்சு. "போர்ட வாங்கிக்கிறேன்னவர் ரெண்டு தடவ கூப்பிட்டார். என்ன சொல்றது?"ன்னு கேட்டார். அவர் கரண்டில மாவ அள்ளி, ஊத்தாம கையிலயே வச்சிருந்தார். "எத்தன? ரெண்டா?"

ஒல்லியா இருந்திருந்தா நேத்து ஜெயிச்சிருப்பேன். முந்தாநாள் தோத்திருப்பேன். அடுத்த தடவ எந்தக் காத்து அடிக்கும்னு அவ நைனாவுக்கே கூட அன்னிக்குக் காலைலதான் தெரியும்.

"விக்கலன்னு சொல்லிடுங்க"ன்னேன். "ஏழு ஊத்துங்க."