வாய்ப்பாடு கேட்ட குதிரை

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் எழுத வந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். தாளில் என்றால் என் முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஹவுன்ஸ்லோவில் நான் வேலைக்கு ஏறும் பஸ், விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் ஒரு புல்வெளியைக் கடக்கும். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் காட்டுக் குதிரைகளை வைத்திருக்கிறது. மேட்டு நிலங்களில் மனிதக் கை படாமல் வளர்ந்த மட்டக்குதிரைகள். அவற்றைக் கொண்டுவந்து, பழக்கி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பார்கள். ஒரு லீவு நாளில் வேலியோரம் நின்று பார்த்தேன். பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரப் பெண் என்னை உள்ளே கூப்பிட்டு, சாணி அள்ள ஒரு சவள் மண்வாரியைத் தந்தாள். அதன்பிறகு லீவு நாளெல்லாம் அங்கேதான்.

என் வீட்டுக்காரருக்கு இது பெரிய பகிடி. “குதிரைக்கும் சம்பந்தம் பேசுற ஊர் இது ஒண்டுதான்” என்பார்.

அவர்கள் பழக்கும் விதம் எனக்குப் புதுமையாக இருந்தது. அடி இல்லை, இழுவை இல்லை. குதிரை நிற்கும் கூட்டுக்குள் போய், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து மெதுவாகப் பேசவேண்டும். கண்ணைப் பார்க்கக்கூடாது. குரலுக்குப் பழகினால்தான் கைக்குப் பழகுமாம். மற்றவர்கள் பேப்பர் வாசித்துக் காட்டினார்கள். எனக்கோ குதிரைக்கு முன்னால்கூட இங்கிலீஷ் பேச வெட்கம். தமிழில் என்றாலும் என்ன பேசுவது? யோசிக்காமல் வாயில் வந்தது வாய்ப்பாடுதான்.

“பிள்ளையளுக்குப் படிப்பிக்காத கணக்கைக் குதிரைக்குப் படிப்பிக்கிறீரோ?” என்றார் வீட்டுக்காரர்.

புதிதாக வந்திருந்த ஒரு கறுப்புப் பெண்குதிரை, யார் போனாலும் மூலையில் ஒதுங்கியது. நான் போனால் ஒதுங்கவில்லை. அதனால் அதை என்னிடமே விட்டுவிட்டார்கள். கறுப்பி என்று கூப்பிட்டேன். திரும்பாமலே ஓரக்கண்ணால் அதன் காதுகளைக் கவனிப்பேன். ஒன்று என் பக்கம், மற்றது வானத்தில் போகும் விமானத்தின் பக்கம். இரண்டு காதால் இரண்டு வேறு விஷயம் கேட்க அதற்கு எப்படி முடிகிறது? ஏழாம் வாய்ப்பாட்டில் நான் தடுமாறினால் இரண்டும் என் பக்கம் திரும்பும். ஒருநாள் என் பிடரியில் அதன் சூடான மூச்சுப் பட்டது. பிறகு தொட விட்டது. பிறகு தலையில் கயிறு மாட்டவும் விட்டது.

குரோய்டனுக்கு அப்பால் நிலம் வைத்திருந்த ஒரு பெண், தனித்துப்போன தன் குதிரைக்குத் துணை தேடி வந்தார். இந்த இடம் தவறினால் கறுப்பியைத் தூரத்துப் பண்ணை ஒன்றுக்கு அனுப்பவேண்டும், அங்கே பழக்க ஆளில்லை என்று பொறுப்பாளர் முன்பே சொல்லியிருந்தாள்.

வந்தவர் முறை தெரிந்தவர். முதுகைக் காட்டி நின்று மெதுவாகப் பேசினார். கறுப்பி தூர மூலைக்குப் போய் நின்றுகொண்டது. பொறுப்பாளர் பேசினாள், அப்போதும் அசையவில்லை. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அந்தக் குதிரை இத்தனை நாளும் தமிழ் மட்டுமே கேட்டிருக்கிறது.

“நீங்கள் பேசுங்கள்” என்றாள் பொறுப்பாளர்.

இருவர் பார்த்து நிற்க எனக்குக் கூசியது. அவர்களுக்கும் சேர்த்து முதுகைக் காட்டிக்கொண்டு, ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று தொடங்கினேன். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது.

இது பிரார்த்தனையா என்று வந்தவர் கேட்டார். கணக்கு என்றேன். தனக்கும் சொல்லித்தரச் சொல்லி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் ‘ஏழு’ சொன்ன விதத்துக்கு எனக்கே சிரிப்பு வந்தது. கறுப்பி ஓடவில்லை. ஒரு காதை என்னிடமும் மற்றதை அவரிடமும் வைத்துக்கொண்டு நின்றது. கழுத்தைத் தடவ விட்டது. அவர் கயிற்றைத் தூக்கியதும் தலையை உதறிவிட்டு விலகியது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். அது பழகியது என் குரலுக்கா, பாஷைக்கா, வாய்ப்பாட்டின் தாளத்துக்கா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அவர் பொறுப்பாளருக்குப் போன் எடுத்து, கறுப்பியைத் தானே எடுப்பதாகச் சொன்னாராம். எனக்கு அன்றைக்குப் பின்னேர ஷிப்ட்; அதற்கு முன்னால் கறுப்பியிடம் போக நேரமிருந்தது.