அண்ணனுக்கு மறுத்த மீன்

பினாங்கில் நான் குடியிருக்கும் வீட்டுச் சீனக் கிழவிக்குத் தினமும் என்னால் ஒரு குழப்பம். கெம்போங் மீனை இஞ்சி போட்டு அவித்து, நான் கேட்டபடி உப்பில்லாமல் ஒரு துண்டு வைப்பாள். நான் தின்னாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ருசி போதவில்லை என்று நினைத்துத் 'தௌயூ' என்ற கறுப்புச் சாற்றை எடுத்து நீட்டுவாள். அது முழுக்க உப்பு. கூடாது என்பதற்கு "தாக் போலே" என்று கையை ஆட்டுவேன். உடனே மீனே வேண்டாமாக்கும் என்று தட்டை எடுக்க வருவாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நாக்குதான். ஆனால் என் தயக்கம் உப்பால் வந்ததல்ல.

போன மாதம் முகமும் காலும் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். குண்டிக்காய் கெட்டிருக்கிறதாம். பத்திரிகைகளில் சிறுநீரகம் என்று எழுதுகிறார்களே, அதுதான். டாக்டர் சொன்னதை அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் தமிழ் டிரெஸ்ஸர் விளக்கினார். "கருவாடு, ஊறுகாய் ஆகாது. பச்சை மீன் திங்கலாம். ரெண்டு விரல் அகலத் துண்டு, உப்புப் போடாம. அதுக்கு மேல வேணாம்." சந்தோஷப்பட வேண்டியவன், பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் ஊர் கோட்டைப்பட்டினத்தில் என் அண்ணனுக்கும் இதே வீக்கம் வந்தது. கடலே பிழைப்பாக இருந்தவர். அறந்தாங்கி டாக்டர் உப்பைத்தான் நிறுத்தச் சொன்னார். பத்தியம் என்றால் கவிச்சி ஆகாது என்று நாங்களாகவே மீனையும் நிறுத்தினோம். அண்ணன் கஞ்சியைத் தள்ளிவிட்டுக் கேட்பார். "ஒரு கிழங்கான் மீன் துண்டு கூடவா ஆகாது? டாக்டர்ட்ட கேட்டுட்டு வாடா தம்பி." மருந்து வாங்கப் போனேன். கோட்டுப் போட்டவரைக் கண்டால் எனக்கு வாய் வராது. கேட்காமலே திரும்பி வந்து, "கேட்டேண்ணே, மீனைத் தொடவே கூடாதுன்னுட்டாரு" என்றேன். அதன்பின் அவர் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டார். மீன் தின்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆசைக்கு ஒரு வாய் தின்றுவிட்டுப் போயிருப்பார். அதைக் கெடுத்தது நான்.

மதினியிடம் இதைச் சொல்லிவிட மூன்று தடவை காகிதம் எடுத்தேன். உடம்பு சரியில்லை என்பதை மட்டும்தான் எழுத முடிந்தது. நேற்று பதில் வந்தது. மதினி சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதியிருக்கிறார்.

"தம்பி, அங்கிட்டு யாரு என்ன சொன்னாலும் மீனைத் தொட்டுறாதீங்க. ஒங்க அண்ணனுக்கு டாக்டர் சொன்னதை மறந்துறாதீங்க. கடைசி நாள்ல அவுக எங்கிட்டக் கெஞ்சிக் கேட்டாக. நான் குடுக்கலை. நல்லதுக்குத்தானே செஞ்சோம்னு மனசைத் தேத்திக்கிட்டு இருக்கேன்."

அந்த ஆறுதலையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. இதை வாசிக்கும் நம்மூர்க்காரர்களே, வீட்டில் வீக்கக்காரர் இருந்தால் எதை, எவ்வளவு தின்னலாம் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மதினிக்கு மட்டும் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

'மீனைத் தொடுவதில்லை மதினி' என்று பதில் எழுதி ஒட்டினேன். பிறகு டாக்டர் சொன்ன அளவுத் துண்டை எடுத்துத் தின்றேன். கோட்டைப்பட்டினத்துக் கணக்கில் நான் இன்னும் பத்தியத்தில்தான் இருக்கிறேன்.