கோடு போட்ட கண்

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். ஒரு தை மாதம் எம்.ரெட்டியபட்டி சர்ச்சில் ஒரு கல்யாணம். எல்லாம் எடுத்து முடித்த பிறகும் ரோலில் கொஞ்சம் பிலிம் மிச்சமிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் கொத்தமல்லிக் காடு பூத்துக் கிடந்ததால், புதிதாக வாங்கிய குளோசப் லென்ஸைப் போட்டு ஒரு தேனீயை எடுத்தேன்.

மதுரை லேபிலிருந்து பிரிண்ட் வந்தபோதுதான் அதன் கண்களைக் கவனித்தேன். மஞ்சள் கண்ணில் மேலிருந்து கீழாகக் கருஞ்சிவப்புக் கோடுகள், சேலைக்குக் கரை போட்டதுபோல. அப்படியொரு கண்ணை நான் பார்த்ததேயில்லை. எங்கள் தெருவில் குடியிருந்த விலங்கியல் டீச்சரை என் மனைவி கூட்டிவந்தாள்.

டீச்சர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "அண்ணே, இது தேனீ இல்ல. ஈ."

"எப்படிச் சொல்றீக?"

"தேனீக்கு ரெண்டு ஜோடி றெக்க. இதுக்கு ஒரு ஜோடிதான். மீசையப் பாருங்க, எம்புட்டுக் குட்டையா இருக்கு."

"என்ன ஈ டீச்சர்?"

"தெரியலையே" என்றார். அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் கூசவில்லை. "றெக்கைய மட்டும் பெருசா போட்டுத் தர முடியுமா?"

என்னிடம் கருப்பு வெள்ளை என்லார்ஜர்தான் இருந்தது. நரம்பு தெரிந்தால் போதும், நிறம் வேண்டாம் என்றார். நானும் மனைவியும் டீச்சருமாக இருட்டறையில் நின்றோம். மருந்துத் தட்டில் கிடந்த தாளில் மெல்ல இறக்கை எழும்பி வந்தது. அதில் ஒரு நரம்பு மட்டும் நடுவில் தொய்ந்து வளைந்திருந்தது. டீச்சர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வளைவத்தான் தேடுனேன்! றெக்க நரம்ப வச்சுத்தான் ஈய வகை பிரிப்பாக."

மறு சனிக்கிழமை மதுரையில் அவர் படித்த கல்லூரிக்குப் போனோம். பேராசிரியர் முதல் படத்தைப் பார்த்ததுமே, "தேனீம்மா" என்றார். டீச்சர் இறக்கைப் படத்தை எடுத்துக் கொடுத்தார். பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். உடனே எழுந்துபோய்ப் பூச்சிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பெட்டியில் அதே நரம்பு வளைவு. ஆனால் ஊசி குத்தி வைத்திருந்த அந்த ஈயின் கண்கள் காய்ந்து பழுப்பேறியிருந்தன. கோடுகள் இருந்த இடம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"உயிரோட எடுத்திருக்கீங்க, அதான் இவ்வளவு தெளிவு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பூவுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் ஈக்களின் குடும்பம் அது என்றார். தேனீ வேஷம் போட்டுத் தப்பித்துக்கொள்ளுமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அந்தப் பெட்டியில எழுதியிருந்த பேரையே வச்சுக்கலாம்ல டீச்சர்?"

"இதே மாதிரி வேற வகையும் இருக்குண்ணே. காலும் வயிறும் தெரியணும். படத்துல தெரியாதத நான் எப்படிச் சொல்ல?"

அந்தப் பதிலில் எனக்கு அவர் மீதிருந்த மரியாதை இன்னும் கூடியது. அவர் அதோடு விடவும் இல்லை. இதன் புழு சாக்கடைத் தண்ணீரில் வளரும், வால் போன்ற குழாயை மேலே நீட்டி மூச்சுவிடும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தார். எங்கள் தெருக் கோடியில் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் தேங்கிய குட்டையில் மூவரும் தேடினோம். என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "ஏங்க, இங்க பாருங்க, வாலு!" என்று கத்தினாள்.

சில புழுக்களை அந்தத் தண்ணீரோடும் மண்ணோடும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, வாயில் துணி கட்டி வைத்தோம். அவை மண்ணுக்குள் போய்க் கூடாகிக் கிடந்தன. ஒரு காலையில் பாட்டிலின் கண்ணாடியில் கோடு போட்ட கண்ணோடு ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. காலும் வயிறும் தெரிய எல்லாப் பக்கமும் படமெடுத்தேன். பிரிண்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்த பிறகுதான் டீச்சர் அதன் முழுப்பெயரை வாய்விட்டுச் சொன்னார். நாக்கில் நிற்காத நீளமான பெயர். என் மனைவி அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, துணியை அவிழ்த்து ஈயைப் பறக்க விட்டாள்.